எந்தக் கலையில் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு



"நாற்பது தாண்டிவிட்டது. கராத்தேயா, ஜூடோவா, குத்துச்சண்டையா, எதில் சேரலாம்?" என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே நமக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் வங்கி ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். சால்ட் லேக்கில் கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். மகனை வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பா ஒருவரும் எழுதியிருக்கிறார். பிள்ளை பழகுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டதாம். இந்த வயதில் மாஸ்டரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறதாம்.

கூச்சமே வேண்டாம், கேளுங்கள். ஆனால் எந்தக் கலை என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். சொல்லிக்கொடுப்பவர் யார், எந்த இடத்தில், யாரோடு சேர்ந்து பழகப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நாம் வாழும் இந்தக் கல்கத்தாவின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

ஜூடோ இந்த மண்ணுக்கு வந்த விதத்தைப் பாருங்கள். ஜிகோரோ கானோ என்ற இளைஞர் டோக்கியோவில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கியது 1882இல். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல், ஜின்னோசுகே சானோ என்ற ஜப்பானியர் தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து ஜப்பானிய மொழியும் ஜூடோவும் கற்றுக்கொடுத்தார். தாகூரின் 'கோரா' நாவலைப் பிற்பாடு ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவரும் இவரே. சானோ ஊர் திரும்பியபின் ஜூடோ அங்கே வேர்பிடிக்கவில்லை. தாகூர் விடவில்லை. 1929இல் ஷின்சோ தகாகாகி என்ற தேர்ந்த ஜூடோ ஆசிரியரை வரவழைத்தார். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் பழகினார்கள். அமர்த்திய சென்னின் தாயார் அமிதா சென் அவர்களில் ஒருவர். ஒரு நல்ல குடும்பத்துப் பெண், ஆண்கள் பழகும் அதே இடத்தில் பிடித்துத் தள்ளவும் விழவும் கற்றுக்கொள்வது அந்நாளில் எத்தனை வீடுகளில் நடக்கும்?

1931இல் அந்த மாணவ மாணவியரைக் கல்கத்தாவுக்கே கூட்டிவந்து மேடையில் செய்துகாட்டச் சொன்னார் தாகூர். அதற்கென்றே ஒரு பாட்டும் எழுதினார். தயக்கத்தை உதறச் சொல்லும் அந்தப் பாட்டை வங்காளிகள் இன்றைக்கும் பாடுகிறார்கள். நகரம் பார்த்தது, பாராட்டியது. ஆனால் தகாகாகியைக் கல்கத்தாவிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று தாகூர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் நேபாளத்துக்குப் போய்விட்டார். நான் இந்தக் கதையில் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். கலை மிக உயர்ந்தது, அதை அழைத்துவந்தவரோ உலகப் புகழ்பெற்றவர், கற்க ஆர்வமுள்ள பிள்ளைகளும் இருந்தார்கள். இவ்வளவு இருந்தும் ஆசிரியர் ஒருவர் கிளம்பியதும் கூடம் ஓய்ந்துவிட்டது.

தாகூரின் சகோதரி மகள் சரளா தேவி சௌதுராணி இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வேறு வழியில் போனவர். தம் வீட்டிலேயே இளைஞர்களைக் கூட்டி, முர்தஜா என்ற ஆசானை வைத்து வாளும் லாட்டி எனப்படும் கம்பும் பழகச் செய்தார். 1902இல் இங்கே தொடங்கிய அனுசீலன் சமிதி என்ற புரட்சி இயக்கத்திலும் லாட்டி சுற்றுவது தினசரிப் பாடம். முர்தஜாவிடம் லாட்டி கற்றவர் டாக்கா அனுசீலன் சமிதியை நிறுவிய புலின் பிஹாரி தாஸ். அந்தமான் சிறை வரை போய் வந்த அவர், 1928இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, இங்கே மெச்சுவாபஜாரில் வங்கீய வியாயாம சமிதியைத் தொடங்கினார். சிறையும் போராட்டமும் தின்ற ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மனிதர் கூடம் திறந்து கம்பைக் கையில் எடுத்திருக்கிறார் என்றால், நாற்பது வயதில் மாணவராகச் சேரத் தயங்குபவருக்கு அதைவிட வேறென்ன சொல்ல? நம் சிலம்பத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் வங்காளத்து லாட்டி கேலாவை ஒருமுறை பாருங்கள். கால் வைப்பு வேறு, வீச்சின் கணக்கு வேறு. ஆனாலும் கண் அந்நியமாக உணராது.

எந்தக் கலை பெரிது என்ற சச்சரவுக்கும் இந்த ஊரிலிருந்தே ஒரு பதில் உண்டு. ஆட் சாண்டெல் என்ற மல்லர் அமெரிக்காவில் ஜப்பானிய ஜூடோ வீரர்களைத் தோற்கடித்து, ஜூடோவிலும் தாமே உலகச் சாம்பியன் என்று சொல்லிக்கொண்டவர். 1921இல் டோக்கியோவுக்கே போய்க் கோடோகான்காரர்களோடு மோதினார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் சாண்டெலைச் சாய்த்தவர் வடகல்கத்தாவின் ஜதீந்திர சரண் குஹா. ஊர் அவரைக் கோபர் குஹா என்றே அழைத்தது. அவருடைய அகாடா, அதாவது மல்யுத்தக் கூடம், கோவாபாகானில் இருந்தது. கணக்குப் போட்டால், குஸ்தி ஜூடோவை வென்றது, அதனால் குஸ்தியே உயர்ந்தது என்று முடித்துவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாட்டனார் காலத்திலிருந்தே அகாடா நடத்திய குடும்பம் அது. மல்லர்களுக்கு நடுவே வளர்ந்து, சிறுவயதிலிருந்து மண்ணில் புரண்டு பழகியவர் அவர். சான் பிரான்சிஸ்கோவில் ஜெயித்தது அத்தனை ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சாத்தியமாக்கிய கூடமும் அந்த வெற்றிக்குள் இருக்கிறது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சேரப்போகும் வகுப்பை ஒருநாள் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் அனுமதிக்காவிட்டால் வேறு இடம் தேடுங்கள். திறமையான பையன்கள் காற்றில் எகிறி உதைப்பதில் உங்கள் கண் போகும். அவர்களை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர், உடம்பு கனத்தவர், அசைவு வராமல் திணறுபவர் யார் என்று தேடி, அவரிடம் மாஸ்டர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். அருகே போய்த் திருத்துகிறாரா? முட்டி வலிக்கிறது என்றால் வேறு விதமாகச் செய்யச் சொல்கிறாரா? இல்லை, பிள்ளைகள் முன்னால் சத்தம்போட்டு விரட்டுகிறாரா? நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள். அப்படிப்பட்ட ஆளே அந்த வகுப்பில் இல்லை, எல்லோரும் பதினைந்து வயதுக்காரர்கள் என்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம்.

தரையைப் பாருங்கள். கராத்தே அடிப்படைகளைச் சிமெண்டுத் தரையிலும் பூங்காப் புல்லிலும் பழகலாம். ரவீந்திர சரோவர் ஓரத்தில் காலையில் பழகுபவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் தூக்கி எறிவதைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் நல்ல மேட் இல்லாவிட்டால், மாஸ்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஜோடி ஜோடியாக மோதிப் பழகும்போது தெரிந்தவர் புதியவரிடம் கையை அடக்குகிறாரா என்பதும் முக்கியம். ஜூடோவிலும் தரையில் புரளும் ஜுஜுத்ஸுவிலும், பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அந்த ஒழுங்கு தளர்ந்த கூடத்தில் உங்கள் தோளும் முழங்கையும் பாதுகாப்பாக இல்லை.

கலைகளைப் பற்றி எதுவுமே சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஷோட்டோகான் கராத்தேயில் தாழ்ந்து அகன்று நிற்க வேண்டியிருக்கும். முட்டி பலவீனமானவர்கள் முதலில் உயரமாகவே நின்று பழக மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோஜு ரியூவில் நிலைகள் குறுகலானவை, மூச்சுக்கு நிறைய இடம் உண்டு. கியோகுஷின்காரர்கள் உடம்பில் உண்மையாகவே குத்தி உதைத்துப் பழகுவார்கள். அதற்கு மனமும் விலாவும் தயாராக வேண்டும். டேக்வாண்டோ கால் கலை. தொடையும் இடுப்பும் இளகாதவர்களுக்குத் தொடக்கம் கடினம், ஆனால் இளக வைப்பதும் அதுவே. குத்துச்சண்டை இந்த ஊரின் பழைய சொத்து. கிதர்ப்பூரிலிருந்து பெண் பயிற்சியாளராகவும் நடுவராகவும் உயர்ந்த ரஜியா ஷப்னமை நம் வாசகிகள் பலர் அறிவார்கள். பையைக் குத்துவதும் கால் நகர்த்துவதும் கயிறு தாண்டுவதும் அருமையான பயிற்சி. ஆனால் தலையில் குத்து வாங்கித்தான் தீர வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூடோவைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம். அது முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறது. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி, கையால் மேட்டை அறைந்து விழும்போது அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிப்போகிறது, பின்மண்டையும் தரையில் மோதாமல் தப்புகிறது. வயது ஏற ஏறக் குளியலறையிலும் படிக்கட்டிலும் நம்மை மிரட்டுவது விழுதலே. தெருவில் ஒருவன் மேலே பாய்வதைவிட, பாசி படிந்த படியில் கால் வழுக்குவதற்கு வாய்ப்பு அதிகம். அய்கிடோவிலும் விழுவதும் உருள்வதும் முதல் பாடத்திலேயே வந்துவிடும்.

உடம்பைப் பற்றி ஒரு சொல். ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய முட்டி வலி, முதுகுவலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சில வாரங்களில் தசை பலப்பட்டுவிடும், உற்சாகம் பொங்கும். தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் தேறுவதில்லை. ஆர்வத்தோடு வந்து பாதியில் நின்றுவிடும் பலர் இந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பில் தொடங்குங்கள், அது போதும்.

பணத்தையும் வெட்கப்படாமல் பேசுங்கள். மாதக் கட்டணம் தவிர சேர்க்கைக் கட்டணம், உடை, சங்க உறுப்பினர் அட்டை, ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் தனியாக ஒரு தொகை என்று வரும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லலாம். இத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் என்று வாக்குக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். வண்ண வண்ண பெல்ட்டுகள் ஜூடோ ஐரோப்பாவில் பரவியபோது பிறந்த ஏற்பாடு. முன்னேறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிவது வளர்ந்தவர்களுக்கும் தெம்பு தரும், அதில் தவறில்லை. ஆனால் பெல்ட் நிறம் மாறுகிறது, வகுப்பில் சொல்லிக்கொடுப்பது மாறவில்லை என்றால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

தூரமும் சாதாரண விஷயமில்லை. ஆஷாட மாதத்து மழையில் டன்டனியா, அம்ஹர்ஸ்ட் தெருப் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது எத்தனை பேர் ஊரின் மறுகோடியில் இருக்கும் வகுப்புக்குப் போவார்கள்? நியூ டவுனில் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் கொண்ட பெரிய கூடத்தைவிட, உங்கள் பாராவிலேயே, அதாவது உங்கள் வட்டாரத்திலேயே, நடந்துபோகும் தூரத்தில், ஒரு கிளப்பின் பின்னறையில் நல்ல மனிதர் ஒருவர் நடத்தும் வகுப்பு உங்களிடம் நெடுநாள் நிலைக்கும். பூஜைக் காலத்தில் கிளப் மைதானத்தைப் பந்தல் பிடித்துக்கொள்ளும், வகுப்பு சில வாரம் நிற்கும். அதற்குப் பின் திரும்பி வராதவர்கள் நிறையப் பேர். காளி பூஜை முடிந்து எந்த நாளில் வகுப்பு மறுபடி தொடங்கும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கும் அந்தப் பருவம் நல்லது. கார்த்திகையிலிருந்து மாசி வரை குளிர் துணைக்கு வரும். மே மாதப் புழுக்கம் தொடங்குவதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

தகாகாகியை இந்த ஊர் இழந்தது ஒரு காலம். இன்று ஒவ்வொரு பாராவிலும், குறைந்த கட்டணத்துக்கு, சாயங்காலம் வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் நம்பி நடக்கும் வகுப்புகள் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததும் காலியாகிவிடுகின்றன. மாதா மாதம் தவறாமல் வந்து கட்டணம் கொடுத்துப் பழகும் பெரியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அந்தக் கூடம் மூடாது. நீங்கள் சேர்வது உங்களுக்காக மட்டுமே என்று நினைக்காதீர்கள்.

ஏற்கெனவே நாற்பதுக்கு மேல் தொடங்கிப் பழகிவருபவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். எந்தப் பகுதி, வாரம் எத்தனை நாள், முதல் மூன்று மாதம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பெண்கள் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்