ஒரே டிராகன், ஒரு நகரமே காலி... 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசிப் போர் வேண்டுமென்றே ஒருதலையாக எடுக்கப்பட்டதா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதன் கடைசிப் போர் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

2019 மே மாதம் வெளியான 8-வது சீசனின் 5-வது எபிசோடு 'தி பெல்ஸ்'. டெனேரிஸ் டார்கேரியன் ஒரே ஒரு டிராகனை வைத்துக்கொண்டு தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கை சாம்பலாக்குவார். எதிர்த்தரப்பால் ஒரு அம்பைக்கூட அதன் மேல் படவைக்க முடியாது. "இதெல்லாம் ஒரு போரா?" என்று அன்றே கேட்டார்கள். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கதை முழுக்க வரப்போகிறது.)

ரசிகர்களுக்கு ஏன் கோபம்?

முந்தைய எபிசோடுதான் காரணம். அதில் யூரன் கிரேஜாயின் கப்பல்கள், ராட்சத அம்பு எந்திரங்களால் ரேகல் என்ற டிராகனை மூன்றே அம்பில் வீழ்த்தின. அடுத்த வாரம் அதே எந்திரங்கள் கப்பலிலும் மதிலிலும் வரிசையாக நிற்கின்றன. ட்ரோகன் மேல் ஒன்றுகூட படவில்லை. செர்சி கூலிக்கு இறக்கிய கோல்டன் கம்பெனி வாள் வீசுவதற்குள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கோட்டை வாசல் வெடித்துச் சிதறுகிறது.

சீசனையே மறுபடி எடுக்கச் சொல்லி 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆன்லைன் மனுவில் கையெழுத்து போட்டார்கள்.

லாஜிக் ஏதாவது இருக்கா?

கொஞ்சம் இருக்கு. ரேகல் செத்தது பதுங்கித் தாக்கியதால். இந்த முறை டெனேரிஸ் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு மேலிருந்து செங்குத்தாக இறங்குகிறார். குறி வைப்பவனுக்கு கண் கூசும். முதல் உலகப் போர் விமானிகள் பயன்படுத்திய அதே உத்தி. கனமான எந்திரத்தை சட்டென்று திருப்பவும் முடியாது, ஒரு அம்பு போனால் அடுத்ததை ஏற்ற நேரம் பிடிக்கும்.

ஆனாலும் அத்தனை எந்திரத்தில் ஒன்றுகூடவா குறி தப்பாமல் இருக்காது? மொத்தம் ஆறே எபிசோடில் கதையை முடிக்கும் அவசரம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அப்போ வேண்டுமென்றே எடுத்தது எது?

மணி அடித்த பிறகு நடப்பது. வீரர்கள் வாளைக் கீழே போட்டாச்சு. சரணடைந்ததற்கு அடையாளமாக மணியும் அடிச்சாச்சு. போர் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டெனேரிஸ் நகரத்தை எரிக்கத் தொடங்குகிறார்.

அந்த நொடியிலிருந்து எபிசோடு முடியும்வரை அவர் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். மேலே டிராகன், கீழே தெரு, ஓடுகிற ஜனங்கள், ஆர்யாவோடு சேர்ந்து ஓடும் ஒரு தாயும் மகளும். இயக்குநர் மிகேல் சபோச்னிக் இதே தொடரில் 'ஹார்ட்ஹோம்', 'பேட்டில் ஆஃப் த பாஸ்டர்ட்ஸ்', 'தி லாங் நைட்' போர்களை எடுத்தவர். இழுபறிச் சண்டை எடுக்கத் தெரியாதவர் இல்லை. ஏழு சீசனாக யார் ஜெயிக்கணும் என்று ரசிகர்கள் கைதட்டினார்களோ, அவரையே ஜெயிக்கவிட்டு, அந்த ஜெயிப்பு தெருவில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும் என்று காட்டியிருக்கிறார்.

முடிவு தெரிந்த போர் நமக்குப் புதுசு இல்லை. பெருமாள்மலையில் பிரியும் ரோட்டில் இறங்கினால் பழனி. கந்த சஷ்டிக்கு அங்கே நான்கு கிரிவீதியிலும் சூரசம்ஹாரம் நடக்கும். முருகன்தான் ஜெயிப்பார் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அங்கே தாரகாசூரன், பானுகோபன், சிங்கமுகன், சூரபத்மன் என்று ஒவ்வொருவரும் எதிர்த்து நிற்பார்கள். சூரன்கூட கடைசியில் மயிலாகவும் சேவலாகவும் முருகனிடமே சேர்ந்துவிடுவான். கிங்ஸ் லேண்டிங்கில் எரிந்தவர்கள் எதிர்த்து நிற்கவே இல்லை.

மேலிருந்து நெருப்பு, கீழே ஒதுங்க இடமில்லாத ஜனங்கள். இதைத் தமிழில் யோசிக்கிற ஒருவருக்கு 2009 மே மாத முள்ளிவாய்க்கால் நினைவுக்கு வராமல் போகாது. டிராகன் கற்பனைதான், தெரு அப்படி இல்லை.

ஆக, மணிக்கு முன் வரும் ஒருதலைச் சண்டை பாதி உத்தி, பாதி சோம்பல். மணிக்குப் பின் வருவது முழுக்க முழுக்க திட்டம். சிக்கல் என்னவென்றால், அம்பு ஏன் படவில்லை என்று அங்கேயே கடுப்பாகிவிட்டவர்கள் மணி அடித்ததை சரியாகக் கவனிக்கவே இல்லை.