தூய்மைப் பணியாளர் ஊதியம்: அரசாணையில் உயர்வு, கையில் சரிவு

உள்ளாட்சி அமைப்புகளில் பணிபுரிவோருக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு 2017 அக்டோபரில் அரசாணை 62 வழியாகத் திருத்தி நிர்ணயித்தது. ஏட்டளவில் இது முன்னேற்றம்தான். ஆனால் அவ்வுயர்வின் விளைவை அறிய விரும்புவோர் படிக்க வேண்டியது தூய்மைப் பணியாளரின் ஊதியச் சீட்டை.

எம்மிடம் வரும் சீட்டுகளில் (சீட்டே தரப்படாதோர்தாம் மிகுதி) நாள்கூலி அரசாணையை எட்டுவதில்லை. மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் கூலி ஒருபுறம், அரசாணை மறுபுறம் என இருக்க, குறைந்ததையே நிர்வாகம் காட்டுகிறது. அதிலிருந்தும் வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளரின் பங்கோடு ஒப்பந்ததாரரின் பங்கும் பிடிக்கப்படுகிறது. பின்னது சட்டம் தடுத்துள்ள செயல்.

ஊதியத்தை உயர்த்தினால் வேலை போகும் என்பது முதலாளிகளின் பழைய வாதம். குப்பைக்கு அவ்வாதம் பொருந்தாது. ஆலையைப் போலத் தெருவை வேறு ஊருக்கு மாற்ற இயலாது. வேலை குறையாது, ஆளும் மாறுவதில்லை. தலைமுறைகளாக இப்பணியைச் சாதி யார்மீது சுமத்தியதோ அவர்களே, பெரும்பாலும் தலித் பெண்களே, நாளையும் கூட்டுவர். மாறுவது முதலாளியின் பெயர் மட்டுமே.

2025 ஆகஸ்டில் சென்னையில் அதுவே நிகழ்ந்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாரிடம் தரப்பட்டபோது, மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றோருக்கு ஏறத்தாழ 17,000 ரூபாயே முன்வைக்கப்பட்டது. ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தோரை ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அகற்றியது. பின்னர் உயர் நீதிமன்றம் தனியார்மயத்தை ரத்து செய்ய மறுத்தது. எனினும் கடைசியாகப் பெற்ற ஊதியம் காக்கப்பட வேண்டும் என்றது. அந்தப் பாதியையேனும் நாம் இறுகப் பற்ற வேண்டியுள்ளது.

குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிடில் முதன்மை முதலாளியே தர வேண்டும் என 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆயினும் ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த தொகை கோருபவருக்கே பணி தரப்படுகிறது. அத்தொகை எங்கிருந்து குறைகிறது என எந்த மாநகராட்சியும் கேட்பதில்லை. அரசாணை ஊதியத்துக்குக் கீழே கணக்கிட்ட ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்தவுடனே தள்ள வேண்டும் என்பதே எமது கோரிக்கை.