ஒத்து ஊதுவது எளிதோ?

சென்ற மாதம் வகுப்பிலே, தோழன் கூறிய விடையை அப்படியே திருப்பிக் கூறிய மாணவன் ஒருவனை நோக்கி, “நீயும் அவனுக்கு ஒத்து ஊதுகின்றாயா?” என்று கடிந்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் தலை கவிழ்ந்தான். அவனுடைய பாட்டனார் கோயில் மேளத்தில் நெடுங்காலம் ஒத்து ஊதியவர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மனம் வருந்தி, அன்று மாலையே அப்பெரியவரைக் காணச் சென்றேன். நடந்ததைக் கேட்டு அவர் முறுவலித்தார். “ஒத்து ஊதிறது லேசான வேலையெண்டு நினைச்சியளோ, வாத்தியார்?” என்றார்.

ஒத்து, தோற்றத்தில் நாதசுவரம் போன்றது. ஆயின் விரல் வைத்து வாசிக்கும் ஏழு துளைகள் அதற்கு இல்லை. ஆதார சுருதி ஒன்றையே ஒலிக்கும். நாதசுவரக்காரர் இடையிடையே குழலை எடுத்து இளைப்பாறலாம். ஒத்துக்காரருக்கு அந்த ஓய்வு இல்லை. கன்னங்களில் தேக்கிய காற்றைக் குழலுட் செலுத்திக்கொண்டே, அதே கணத்தில் மூக்கினால் புதுமூச்சை இழுப்பார். அதனால் ஒலி அறுவதில்லை.

பப்பாசி இலைத்தண்டைத் தண்ணீரில் விட்டு, குமிழி நில்லாமல் ஊதியே தாம் இதனைப் பழகியதாகப் பெரியவர் கூறினார். “முதலிலை ஊதினதைவிடக் குடிச்ச தண்ணிதான் கூட” என்று சிரித்தார்.

மாணவர்கள் இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். தோளை உயர்த்தி இழுக்கும் மூச்சு ஆழமற்றது. நெஞ்சறையின் கீழுள்ள பிரிமென்றகடு தாழும்போதே நுரையீரல் நன்கு விரிகின்றது. விலாவும் வயிறும் மெல்லப் புடைக்கின்றன. அக்காற்றை ஒரேயடியாக இழந்துவிடாது, தசைகளால் தாங்கிச் சிறிது சிறிதாக விடுவதே கலை. காற்றின் அழுத்தம் தளர்ந்தாற் சீவாளியின் அதிர்வு தளரும், சுருதியும் இறங்கும். ஆகவே மூச்சை இழுக்கும் வலிமையினும், விடுவதில் உள்ள சிக்கனமே பெரிது.

அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) போன்ற மேதைகளின் பெயரை நாம் போற்றுகின்றோம். மேளங்களிற் பின்னின்று சுருதி காத்தவர்களின் பெயரை யார் அறிவார்? சுருதிப்பெட்டி வந்தபின் ஒத்தும் அருகிவிட்டது. எஞ்சியிருப்பது நமது ஏளனச் சொல் ஒன்றே.

மறுநாள் வகுப்பிலே என் பிழையை ஒப்புக்கொண்டேன். பின்னர்க் கழுவிய பப்பாசித் தண்டுகளும் தண்ணீர்க் குவளைகளும் வருவித்து எல்லோரும் ஊதிப் பார்த்தோம். மூச்சு வாங்கியதும் ஒவ்வொருவர் குவளையும் அடங்கியது, என்னுடையது உட்பட. அம்மாணவனின் குவளையில் மட்டும் குமிழி நிற்கவில்லை. இம்முறை சிரித்தவன் அவனே.