இருக்கிற பார்வைக்கு வைத்தியம்

கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுநாளே சுவர்க் காலண்டரில் தேதி படிக்கிறார். கிளாகோமாவுக்கு மருந்து போடுகிற எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எத்தனை வருஷம் போட்டாலும் பார்வை ஒரு துளிகூட ஏறாது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றுவது மட்டுமே இந்த மருந்தின் வேலை. பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர் இருப்பது இதனாலும்தான்.

எங்கள் அக்காவும் என்னைக் கேட்பாள்: "உனக்குத்தான் பேப்பர்ல பொடி எழுத்துகூடத் தெரியுதே, அப்புறம் எதுக்குடா ராத்திரி ராத்திரி மருந்து?" தெரிகிறபோதே போட்டால்தான் உண்டு.

கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறுகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. ஊறுகிற அளவுக்கு வடிய வேண்டும். வடிகிற வழி அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு தேய்கிறது; இதுதான் கிளாகோமா. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்வதால் நமக்கு உறைப்பதில்லை, வலியும் கிடையாது. தென் தமிழகக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைச் சோதித்து, அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு நோய் இருந்தது. அதில் பரவலான வகை வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், அதுவரை அது தெரியவே தெரியாது.

இன்னொரு வகை உண்டு. வடிகிற வழி சட்டென்று மூடிக் கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வரும். தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் அப்போதே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிகிச்சை மூன்று வழி: சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன். மூன்றுமே அழுத்தத்தைக் குறைக்கத்தான். சொட்டு மருந்துகளில் லேட்டனோபிராஸ்ட் நீரை வடியவைக்கும்; ராத்திரி ஒரு சொட்டு போதும். டிமோலால் நீர் ஊறுவதைக் குறைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து விட்டதும் கண்ணை மூடி, அதன் மூக்கோரத்து முனையை இரண்டு நிமிஷம் அழுத்திக்கொண்டால் மருந்து அவ்வளவாகத் தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும்.

லேசரைக் கடைசிக் கட்டம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பிரிட்டனில் புது நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருஷம் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, பலனும் நாளடைவில் குறையலாம். ஆனால் கை நடுங்குகிறவருக்கும், மருந்து விட ஆளில்லாமல் தனியாக இருக்கிறவருக்கும், மாதாமாதம் மருந்துச் செலவு தாங்காதவருக்கும் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி அது.

இரண்டுக்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன். நீர் வெளியேறப் புது வழி திறப்பார்கள், இல்லையென்றால் சின்னக் குழாய் வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் குழாய்ச் சாதனத்தை இப்போது மதுரையிலேயே அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் செய்கிறது.

எந்த வழியானாலும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கண்ணில் அழுத்தம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? என் நரம்பு போன தடவையைவிடத் தேய்ந்திருக்கிறதா? 10 முதல் 21 mmHg வரை சாதாரணம் என்பார்கள். அதற்குள் இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு. அழுத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது. நரம்பையும் ஓரப் பார்வையையும் சோதிக்க வேண்டும்.

கண் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீர்கள். அதுவே இந்த நோயைக் கொண்டுவரக்கூடும். உங்களுக்கு இது இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். நன்றாகத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னாலும் விடாமல் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.