அரைப் புள்ளியின் மதிப்பு

பத்திரிகை அலுவலகத்தில் விளையாட்டுச் செய்திக்குத் தலைப்பிடுபவருக்கு எரிச்சலூட்டும் சொல் ஒன்று உண்டென்றால், அது 'சமநிலை'. வெற்றிக்கு நான்கு பத்தி கிடைக்கும், தோல்விக்கும் கிடைக்கும். சமநிலையோ பக்க மூலையில் சிறு பெட்டிக்குள் ஒதுங்கிவிடும். இந்தக் கணக்கு சதுரங்கத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

2012 மே மாதம் மொஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் மோதினார்கள். ஆனந்துக்கு வயது 42, கெல்ஃபாண்டுக்கு 43. 12 ஆட்டங்களில் 10 சமநிலையில் முடிந்தன. அலுப்பூட்டும் போட்டி என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது.

நடந்ததைச் சற்று உற்று நோக்குவோம். 7ஆவது ஆட்டத்தில் கெல்ஃபாண்ட் வென்றார். அடுத்த ஆட்டத்திலேயே ஆனந்த் 17 நகர்த்தல்களில் பதிலடி கொடுத்தார். கோட்டையை வெட்டப் போன கெல்ஃபாண்டின் இராணி, திரும்பிவர வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. ஒரேயொரு தவறான கணிப்பு, ஆட்டம் முடிந்துவிட்டது. ஏனைய பத்து ஆட்டங்களிலும் அத்தகைய தவறுக்கு இருவருமே இடம்கொடுக்கவில்லை. அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? 6–6 என்ற நிலையில், விரைவு ஆட்டங்களில் 2.5–1.5 என வென்று ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார்.

போராடாமலே கைகுலுக்கி எழுந்துபோகும் சமநிலைகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றைத் தடுக்கவே 2005இல் சோஃபியாவில் நடந்த போட்டியில், வீரர்கள் தமக்குள் பேசிச் சமநிலை கொள்ளக்கூடாது என்ற விதி வந்தது. நல்ல விதி.

ஆனால் போராடிப் பெற்ற அரைப் புள்ளி வேறு. எங்கள் தீவகத்தில், வேலணையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ போட்டிக்குப் போய்வரும் பிள்ளையிடம் வீட்டார் முதலில் கேட்பது, "வெண்டனியோ, தோத்தனியோ?" என்பதுதான். மூன்றாவது விடைக்கு அந்தக் கேள்வியில் இடமில்லை. தன்னிலும் வலிய ஒருவரிடம், ஒரு சிப்பாய் குறைவாக, மணிக்கணக்கில் தாக்குப்பிடித்து வந்த பிள்ளை அதன் முன்னால் தலைகுனிந்து நிற்கிறது.

உலகத்தை வெற்றி, தோல்வி என்ற இரண்டே சொற்களால் அளந்ததற்கு அதிக விலை கொடுத்தவர்கள் நாம். அடுத்த தலைமுறைக்காவது மூன்றாவது சொல்லைக் கற்றுக்கொடுப்போம். பிள்ளை சமநிலையோடு வந்தால், "எப்பிடித் தாக்குப்பிடிச்சனி?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அந்தப் பிள்ளையிடம் நிறைய இருக்கும்.