இல்லிக்குடமும் புதிய ஆசிரியரும்

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட விருத்தாசலத்திற்குச் செல்வோர், மணிமுத்தாற்றங்கரைக் கோயிலைக் கண்டபின், அவ்வூர்ப் பீங்கான் பட்டறைகளையும் ஒருமுறை பார்த்து வருதல் நன்று. சென்ற ஆண்டு மாணாக்கரோடு ஆங்குச் சென்றிருந்த யாம், பட்டறையொன்றில் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கண்டோம். சூளையினின்று எடுத்த பொம்மைகளிற் சில கழுத்தில் வெடித்திருந்தன. தொழிலுக்குப் புதியவனான இளைஞன், 'மண் சரியில்லை' என்றான். அவனினும் ஓரிரண்டு ஆண்டே மூத்த தொழிலாளி, வெடித்த பொம்மையொன்றைக் கையிலெடுத்து, 'மண் எல்லாம் ஒரே மண்தான், தம்பி. உடம்பு கனம், கழுத்து மெல்லிசு. காற்றில் வைத்து அவசரமாய் உலர்த்தினாய்; கழுத்து முந்திக் காய்ந்து விட்டது' என்றார். சொற்பொழிவு யாதும் நிகழவில்லை. இருவரும் அடுத்த தட்டுப் பொம்மைகளுக்கு ஈரத்துணி போர்த்தச் சென்றனர். யாம் தேநீர்க் கோப்பைகள் ஆறு விலைக்கு வாங்கிக்கொண்டு புகைவண்டி ஏறினோம்.

வழியெல்லாம் எமக்கு நன்னூலே நினைவாயிருந்தது. பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்குக் கூறும் உவமைகளுள் ஒன்று இல்லிக்குடம், அஃதாவது ஓட்டைக்குடம். கல்லூரியிற் புதிதாய்ப் பணியேற்றோர் முதலாண்டில் ஆசிரியர் அறையிலிருந்து சொல்லும் குறையும் அதுவே: எவ்வளவு ஊற்றினும் நிற்கவில்லை! யாமும் அங்ஙனம் சொன்னவரே. குடம் ஒழுகுகின்றதெனின், அதனை வனைந்த வகையும் உலர்த்திய வகையும் யாவை என்று எம்மை எவரும் அக்காலத்தில் கேட்டாரில்லை.

நன்னூலார் இன்னும் ஒருபடி சென்று, நூல் உரைக்கத் தகாதவர் எனச் சிலரை விலக்குகின்றார். அவருள் பிணியனும் மந்தனும் துயில்வோனும் உளர். நூலின் பெருமையைக் குறைத்தல் எம் கருத்தன்று. எனினும் இவ்விடத்து அவரோடு உடன்பட இயலவில்லை. இன்று நம் வகுப்பிற் கண்ணயரும் இளைஞன் இரவெல்லாம் சூளை காத்து வந்தவனாயிருக்கலாம். மந்தன் எனப்படுபவன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் பயின்று, ஆங்கில நூலின்முன் முதன்முறை அமர்ந்தவனாயிருக்கலாம். உடற்குறையுடையார்க்கோ, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசினர் உயர்கல்வி நிலையங்களிலும் அரசின் உதவி பெறுவனவற்றிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகின்றது. கதவைத் திறப்பது சட்டத்தால் ஆகும். உள்ளே நுழைந்தவனுக்குப் பாடம் சென்று சேர்வது ஆசிரியரால்தான் ஆதல் வேண்டும்.

புதிய ஆசிரியர்க்குப் பயிற்சி இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்திற்று. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 முதல் மாளவியாவின் பெயர் தாங்கி நிற்கின்றன. அங்கு அறிஞர் உரைகளைக் கேட்டு யாமும் பயன் பெற்றோம். ஆயின் கேட்டல் கல்வியின் காற்பங்கே. இதனை எம் மதியாற் கூறுகின்றோமல்லேம், அந்நன்னூலே கூறுகின்றது. ஆசிரியன் சொல்வதைச் செவ்வையாகக் கொண்டாலும் கிடைப்பது கால். உடன் கற்பாரோடு பழகுதலால் ஒரு கால். பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரை. மாணாக்கர்க்கென்று நாம் ஒதுக்கிவைத்த இக்கணக்கு ஆசிரியர்க்கும் பொருந்தும் என்பதே யாம் சொல்லப் புகுந்தது.

எம்முள் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். நான்கு வாரப் பயிற்சியில் மேற்கூறிய சட்டத்தைப் பற்றிய உரையைக் கேட்டுக் குறிப்பும் எழுதி வந்தவர் அவர். கணக்கியல் வகுப்பில் பார்வையற்ற மாணாக்கர் ஒருவர் இருந்தார். நம் நண்பர் அவர்பால் மிக்க அன்புடையவர்; தேர்வுக்கு முன் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுப்பவர். ஒருநாள் வேறு துறையைச் சேர்ந்த புதிய ஆசிரியை ஒருவர் அவ்வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து கேட்டார். மணி அடித்தபின் அவர் சொன்னது இவ்வளவே: 'ஐயா, கரும்பலகையைச் சுட்டி இன்று நாற்பது முறைக்கு மேல் 'இது' என்றீர்கள். இதிலிருந்து இதைக் கழித்தால் இது வரும் என்றீர்கள். அந்தத் தம்பிக்கு எது என்று எப்படித் தெரியும்?' நண்பர் அன்று முதல் எண்களை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். கண்ணுள்ள மாணாக்கருள்ளும் பலர், அதன்பின் பாடம் விளங்குவதாகச் சொன்னார்கள். மறுவாரம் நண்பர் அவ்வாசிரியையின் வகுப்பில் அமர்ந்து, அவர் கரும்பலகையை நோக்கியவாறே பேசுவதனால் செவித்திறன் குறைந்தோர் உதட்டசைவைக் காண இயலாமையை எடுத்துரைத்தார். கடன் தீர்ந்தது.

ஓரடி முன்னே நிற்பவன் கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப்பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை நம் முன்னோர் அறிவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் அனாதை மைந்தர் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப்பள்ளிச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பினார். ஆசிரியர் இணங்காராக, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக்கொண்டே அரிச்சுவடி வகுப்பை நடத்துவித்தார். 1797இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை 'மதராஸ் முறை' என்று அங்கே பரவிற்று. செலவு குறைவென்பதே பின்னர் அதன் முதற்பெருமையாகப் பேசப்பட்டது வேறு கதை.

யாம் வேண்டுவதும் செலவற்றதே. ஆனாற் காலம் வேண்டும். புதியோர் இருவர், மூன்று நான்கு ஆண்டு பழகியவர் ஒருவர், ஆக மூவர் வாரம் ஒரு மணி கூடட்டும். ஒருவர் தம் பாடத்திட்டத்தையோ வினாத்தாளையோ மேசைமேல் வைக்கட்டும். இதில் எவன் எங்கே தடுக்கி விழுவான் என்று மற்ற இருவரும் தேடட்டும். அங்குப் பேசியது முதல்வர் அறைக்குச் செல்லலாகாது. சென்றால் அன்றோடு அவரவர் நல்லதையே காட்டுவர். வெடித்த பொம்மை வெளிவராது. அம்மணி பணி நேரத்திலும் சேர்தல் வேண்டும். மாலையில் வீடு செல்லும் பேருந்தைத் தவறவிட்டுச் செய்யும் தொண்டாக இது ஆகலாகாது.

இதனாற் கல்வியின் தரம் தாழும் என்பார் உளர். அவரை விருத்தாசலத்துப் பட்டறைக்கே அழைக்கின்றோம். கழுத்து மெலிந்த பொம்மைக்கென்று அங்கே சூளையின் வெம்மையைக் குறைப்பாரில்லை. குறைத்தால் பீங்கான் ஆகாது. உலர்த்தும்போதே ஈரத்துணி போர்த்துகின்றனர். தேர்வின் கடுமை இருந்தபடி இருக்கட்டும். யாம் பேசுவது அதற்கு முன்னைய நாட்களைப் பற்றி.

வரும் ஜூனில் கால அட்டவணை எழுதுவோர், வெள்ளிக்கிழமைக் கடைசி மணியைப் புதியோர்க்கு வெறுமையாக விடுவாராக. தேநீர்க்கு அவ்வாறு கோப்பைகளும் உள. ஒன்றன் கைப்பிடி மட்டும் புகைவண்டியில் உடைந்து போயிற்று. அதனை யாம் எடுத்துக்கொள்கின்றோம்.