முருங்கை இலைக்கு விளம்பரம் எதுக்கு?

திருநெல்வேலிச் சந்தையில முருங்கை இலையைப் பிடி பிடியாக் கட்டி வைச்சிருப்பினம். நாங்கள் திரும்பியும் பார்க்காமப் போவம். அதே இலையைக் காயவைச்சு அரைச்சு, பக்கற்றில அடைச்சு, மேலே 'அன்ரிஒக்சிடன்ற் நிறைந்தது' எண்டு அச்சடிச்சால் பல மடங்கு காசு குடுத்து வாங்குறம். வேலியில சும்மா நிக்கிற மரத்துக்கு இந்த ஒரு சொல்லால வந்த மவுசு இது.

இதைப் பற்றி நாங்கள் எழுத ஒரு காரணம் இருக்கு. எங்கட தோழி ஒருத்தியின்ர அம்மம்மாவுக்கு நீரிழிவு. ஆரோ சொல்லிச்சினம் எண்டு மூலிகைத் தூளைக் கரைச்சுக் குடிக்கத் தொடங்கினவ, குளிசையை நிப்பாட்டிப் போட்டா. மூண்டு கிழமையில சீனி ஏறி ஆஸ்பத்திரியில வைக்க வேண்டி வந்தது. "இலைதானே பிள்ளை, இலை என்ன செய்யப்போகுது?" எண்டு கேட்டா. இலை ஒண்டும் செய்யேல்லை. பிரச்சினையே அதுதான்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? உடம்பு ஒட்சிசனைப் பாவிச்சுச் சக்தி எடுக்கேக்க, நிலையில்லாத சில மூலக்கூறுகள் உருவாகும். உயர்தர இரசாயனவியலில 'சுயாதீன மூலிகம்' எண்டு படிச்சது ஞாபகம் இருக்கலாம். இவை அளவுக்கு மிஞ்சினால் கலங்களைச் சேதப்படுத்தும். அதைத் தடுக்கிற பொருள்தான் அன்ரிஒக்சிடன்ற். முருங்கை இலையிலயும் வல்லாரையிலயும் நெல்லிக்காயிலயும் இந்தப் பொருட்கள் இருப்பது உண்மை. பனம்பழக் களிக்குச் செம்மஞ்சள் நிறம் குடுக்கிற கரோட்டினொயிட்டுகளும் இந்த வகைதான்.

ஆனால் 'இருக்கு' எண்டதுக்கும் 'நோய் மாறும்' எண்டதுக்கும் நடுவில பெரிய தூரம். ஆய்வுகூடத்தில பெரும்பாலும் செய்யிறது இதுதான்: டிபிபிஎச் எண்ட ஊதா நிறக் கரைசலில இலைச்சாற்றை விடுவினம். ஊதா மங்கி மஞ்சளானால் அன்ரிஒக்சிடன்ற் வேலை செய்யுது. சாற்றைப் பிரிக்கிறது அனேகமாக மெதனோலில. எந்த அம்மா மெதனோலில முருங்கையிலை வறை செய்யிறா? சோதனைக்குழாய்க்கு இரைப்பையும் இல்லை, ஈரலும் இல்லை. நாங்கள் சாப்பிட்டதில கொஞ்சம்தான் இரத்தத்துக்குப் போகும். போறதையும் ஈரல் உருமாற்றிப் போடும்.

மனிசரில சோதிச்சபோது வந்த முடிவுகள் இன்னும் யோசிக்க வைக்குது. பின்லாந்தில புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைச்சு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவுகளின்ர அன்ரிஒக்சிடன்ற் அளவைப் பட்டியல் போட்டு வைச்சிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், விளம்பரக்காரர் அதைத் தவறாப் பாவிக்கினம் எண்டு 2012இல் அந்தப் பட்டியலையே அகற்றிப் போட்டுது.

அப்ப எங்கட கீரைகளைக் கைவிடுறதா? இல்லை. வல்லாரைச் சம்பலும், முருங்கையிலை வறையும், இலைக்கஞ்சியும் நல்ல சாப்பாடு. நார்ச்சத்து, உயிர்ச்சத்து, கனியுப்பு எல்லாம் அதில இருக்கு. சாப்பாடாச் சாப்பிட அதுவே போதுமான காரணம். தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்ந்த சம்பலுக்கு ஆய்வுகூடச் சான்றிதழ் தேவையில்லை.

இது சித்த மருத்துவத்துக்கு எதிரான கதையும் இல்லை. 1984 முதல் யாழ் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்குது. கைதடியில படிச்சு வெளிய வாற வைத்தியர் ஆளைப் பார்த்து, நாடி பிடிச்சு, என்ன சாப்பிடுறியள், வேற என்ன மருந்து எடுக்கிறியள் எண்டு கேட்டுத்தான் மருந்து தருவார். பக்கற் இதில எதையும் கேட்காது. நவீன விஞ்ஞானத்தில இருந்து ஒரு சொல்லையும், பாட்டன் பூட்டன் பெயரையும் சேர்த்து எடுத்து, இரண்டுக்கும் பொறுப்பெடுக்காமல் விக்கிறதைத்தான் நாங்கள் எதிர்க்கிறம்.

இதில எங்கட பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. எங்கட மண்ணின்ர இலையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலதான் வெளிவருது. வட்ஸப்பில வாற செய்தியோ நல்ல தமிழில வருது. அம்மம்மா எதை வாசிப்பா? மானிப்பாயில வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில கற்பிச்சவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினவர். அப்ப ஏலுமெண்டால் இப்ப ஏன் ஏலாது? ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேணும். சோதனை குழாயில நடந்ததா, எலியில நடந்ததா, மனிசரில நடந்ததா எண்டு அதில முதல் வரியிலேயே சொல்ல வேணும்.

அதுவரைக்கும் எங்களால ஏலுமான ஒண்டு இருக்கு. அடுத்த முறை வீட்டில ஆராவது அந்தத் தூளைக் கரைக்கேக்க, பகிடி பண்ணாமல் பக்கத்தில இருந்து கேளுங்கோ: "குளிசை போட்டிட்டியளோ, அம்மம்மா?"